மாத்திரையை நிறுத்தாமல் பிடுங்கிய பல்

மருந்தில் நனைத்து என் வாயில் வைத்த அந்தத் துணியின் கசப்பு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு இதயத்தில் இரும்பு வால்வு. அதில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் ராத்திரி மாத்திரை. கடைவாய்ப் பல் வலித்தபோது, மாத்திரையின் பெயரைக் கேட்டதுமே மலேசியாவில் எங்கள் ஊரான கூலாயில் ஒரு பல் டாக்டர் கைவிரித்தார். இன்னொருவர் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கடைசியில் ஜொகூர் பாருவில், பல் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள் பழகும் இடத்துக்குப் போனேன்.

நாற்காலியைச் சுற்றிப் பிள்ளைகள் கூடியதும், "நான் என்ன காட்சிப் பொருளா?" என்று கத்தினேன்.

"இப்பவே கத்திக்குங்க அண்ணே, அப்புறம் வாய் நிறையத் துணிதான்," என்றார் அவர்களுக்குச் சொல்லித்தரும் டாக்டரம்மா. அன்று காலை எடுத்த ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பிடுங்கப்போகும் மாணவியிடம் திரும்பினார். "எதுக்குப் பயப்படுற?"

"ரத்தம் நிக்காம போயிட்டா, டாக்டர்?"

"வாயில வர்ற ரத்தம் கண்ணுக்குத் தெரியும், அழுத்திப் பிடிக்கலாம். மாத்திரைய நிறுத்தி, வால்வுல ரத்தம் கட்டி மூளைக்குப் போச்சுன்னா? அத எங்க அழுத்துவ?"

நிறுத்தச் சொன்ன அந்த ஆளை இழுத்து வந்து இதைக் கேட்க வைக்க வேண்டும் போலிருந்தது.

பல் வந்தது. மாணவி தையல் போட்டாள். ரத்தம் நிற்க மருந்தில் நனைத்து வைத்த துணி சிவந்து ஊறியது. அவள் துணியைத் தூக்கிப் பார்ப்பதும் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தாள். டாக்டரம்மாவோ கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயோ அலமாக், என்னைப் பார்த்தா நின்னுடுமா? துணிய மாத்து. அழுத்து. தூக்கித் தூக்கிப் பாக்காத."

என் உயிர், இவளுக்குப் பாடம் என்று ஆத்திரமாக வந்தது. திட்டக்கூட முடியவில்லை. இப்போது யோசித்தால் புரிகிறது. அந்த அம்மா கைவைத்திருந்தால் ரத்தம் சீக்கிரம் நின்றிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் மாத்திரை சாப்பிடுகிற அடுத்த ஆளை வாசலோடு விரட்டியிருப்பாள்.

வெகுநேரம் கழித்துத் துணியை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது.

"இன்னிக்கு ராத்திரி மாத்திரை போடணுமா, வேணாமா? நீயே அண்ணன்கிட்ட சொல்லு," என்றார் டாக்டரம்மா.

அவள் என் பக்கம் திரும்பினாள். "போடணும் அங்கிள். மறந்துடாதீங்க."

பயந்துகொண்டேதான் போட்டேன். விடிந்ததும் போன் அடித்தது.

"அங்கிள், ரத்தம் வருதா?"

"இல்லம்மா. நல்லாத் தூங்குனேன்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு பெருமூச்சு. "நான்தான் தூங்கல லா."