வடகவுஞ்சியில் திரும்பிய லாரி

வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் எங்கள் பஸ் வடகவுஞ்சியில் நிற்கிறது. சோலைக்காட்டில் மிச்சமிருக்கும் மரங்களை விறகுக்கு வெட்டி ஏற்ற வந்த லாரி ஒன்று, காட்டுப்பாதைக்குள் திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்து நிற்கிறது. பாதையை மறித்து ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இறங்கிப் போய், முன்வரிசையில் இருக்கும் பேச்சியம்மாள் என்பவரிடம் விசாரிக்கிறேன். பூண்டுத் தோட்டத்து ஈர மண் அவர் கையில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

"மேலச்சோலைய வெட்டுனாங்க, அங்கிட்டு இருந்த ஊத்து வத்திப்போச்சுங்க. முன்னெல்லாம் சித்திரையிலயும் கம்பளி வேணும். இப்ப வெள்ளனே வெயிலு சுடுது. இருக்குற ஊத்தும் போனா பூண்டு எப்படிங்க வெளையும்?"

"உலகம் முழுக்கவே சூடு கூடுதுன்னு பேப்பர்ல எழுதுறாங்கம்மா. ஒரு சோலையக் காப்பாத்துனா போதுமா?"

"உலகத்துக்குப் போதுமான்னு தெரியாதுங்க. எங்க ஊத்துக்குப் போதும். வெட்டுன எடத்துல நாவக் கன்னு வச்சோம், புடிச்சிருச்சு. மத்த ஊர்க்காரவுகளும் வைக்கட்டுமே."

லாரி டிரைவர் கதவைத் திறந்து ஏறுகிறார். "மரம் வெட்டி ஏத்த வந்த ஆளுகளே இவுக உக்காந்திருக்கிறதப் பாத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கென்ன சோலி இங்க?"

லாரி பின்னால் நகர்கிறது. பேச்சியம்மாள் ஓடிப்போய் ரோட்டு ஓரத்தில் நின்று கைகாட்டுகிறார்.

"பாத்துங்கண்ணே, பின்னால பள்ளம் கெடக்கு!"

லாரி காலியாக மலை இறங்குகிறது. அவர் மற்ற பெண்களைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்.

"எந்திரிங்கடி வெரசா, தண்ணி பாய்ச்சணும்!"