ஆரணி ரோட்டில் இரண்டு ஹாரன்: மூன்று நாள் சைக்கிள் பந்தயத்தின் பின்னால் போனது

கவரப்பேட்டையில் இருந்துகொண்டு புதுவாயல் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் நான். இதில் பிழை இருந்தால் என் வாத்தியாரைத் திட்டாதீர்கள், அவர் பாவம் முயற்சி செய்தார்.

தை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய வாரம் நம் மாவட்டத்திலேயே மூன்று நாள் சைக்கிள் பந்தயம் நடந்தது. என் மகள் ஜெனி அதில் ஓட்டினாள். மாதச் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டும் அணியில் அவளுக்கு இது முதல் வருடம். நான் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

முதலில் பந்தயக் கணக்கு. மூன்று நாள் நேரத்தையும் கூட்டுவார்கள், குறைந்த நேரம் எடுத்தவருக்குக் கோப்பை. ஜெனியின் வேலை கோப்பை வாங்குவதல்ல. அவர்கள் அணியின் மூத்த வீராங்கனைக்கு முன்னால் போய்க் காற்றைத் தாங்குவது, தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, தேவைப்பட்டால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பது. மூன்று நாளும் ஓட்டி முடித்தால் அடுத்த வருடமும் வைத்துக்கொள்வதாக அணி மேனேஜர் சொல்லியிருந்தார். ஓட்டி முடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதலில் வருபவரின் நேரத்தோடு நூற்றுக்குப் பத்து சேர்த்து ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் வராதவர் மறுநாள் ஓட்ட முடியாது.

முதல் நாள் திருவள்ளூரிலிருந்து திருவாலங்காடு போய்த் திரும்புவது, 40 கிலோமீட்டர். திருவாலங்காடு ஸ்டேஷன் திருப்பத்தில் ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றேன். சைக்கிள் கூட்டம் என்னைக் கடக்க ஒன்பது நொடி ஆனது. அந்த ஒன்பது நொடியும் செல்போனில் கேமராவைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்த ஒரே படத்தில் என் கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது.

இரண்டாம் நாள்தான் பெரிய ஓட்டம். திருவள்ளூரில் காலை 7 மணிக்குக் கிளம்பி ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், புதுவாயல் வழியாகக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வரை சுமார் 71 கிலோமீட்டர். நான் தாமரைப்பாக்கம் வழியாகக் குறுக்கே வந்து 7.50க்கெல்லாம் பெரியபாளையத்தில் நின்றேன். இட்லி, டீ நாஷ்டா 45 ரூபாய்.

8.24க்குக் கூட்டம் கடந்தது. ஜெனி அதில் இல்லை. மூன்று நிமிடம் கழித்துத் தனியாக வந்தாள். ஊத்துக்கோட்டை அருகே அந்த மூத்த வீராங்கனைக்கு டயர் போக, இவள் தன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, வேறு சக்கரத்தோடு வரும் அணியின் காருக்காகக் காத்திருந்திருக்கிறாள். இன்னும் 24 கிலோமீட்டர். எதிரே கிழக்குக் காற்று, கூட யாரும் இல்லை. இப்படியே போனால் கெடு தாண்டிவிடும் என்று என் பத்தாவது கணக்குக்கே தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெரியபாளையத்திலிருந்து ஆரணி வழியாகப் புதுவாயல் போகும் அந்த ரோட்டில்தான் ஆறு வருடமாக அவளுக்குப் பயிற்சி. விடியற்காலை லாரிகளுக்கு நடுவில் பிள்ளையைத் தனியாக விட மனம் வராது. நான் மொபெட்டில் முன்னால் போவேன், அவள் என் முதுகுக்குப் பின்னால் காற்றுப்படாமல் வருவாள். பள்ளம் வந்தால் இரண்டு ஹாரன்.

அதே ரோடு, அதே மொபெட். கை தானாக முறுக்கியது. பந்தயத்துக்காக ரோட்டை மூடிக் கயிறு பிடித்திருந்த போலீஸ்காரர் திரும்பிய நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டேன். ஆரணி தாண்டி அவளைப் பிடித்து முன்னால் போய், "பின்னால வந்துக்கினே இரு ஜெனி!" என்று கத்தினேன். பள்ளத்துக்கு இரண்டு ஹாரனும் அடித்தேன்.

"ப்பா, போப்பா! தூரப் போ!" என்று அலறினாள். ஓரக் கண்ணாடியில் பார்த்தால், என் பின்னால் வராமல் ரோட்டின் அந்தக் கோடிக்குப் போய் முழுக் காற்றிலும் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் செய்கிறாள் என்று நினைத்தேன்.

விசில் சத்தம். பைக்கில் வந்த பந்தய நடுவர் என்னை ஓரங்கட்டினார்.

"யாருய்யா நீ?"

"அப்பா சார்."

"அப்பாவா? பொண்ண வெளிய அனுப்பறதுக்குன்னே வந்தியா? வண்டி மறைவுல வந்தா நம்பரப் புடுங்கிடுவோம், தெரியுமா? அது உன் பின்னால வராம காத்துல போச்சு பாரு, அதனால வுட்டேன்."

துரத்திக்கொண்டு வந்த போலீஸ்காரர், "சாவி குடு நைனா. ரோடு தொறந்தப்புறம் வாங்கிக்க" என்றார். அரை மணி நேரம் ஒரு டீக்கடை வாசலில் நின்றேன்.

"இன்னாண்ணா, ஹெல்மெட்டு கேசா?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா. பொண்ணுக்குக் காத்து அடிக்குதேன்னு முன்னால போனேன்."

"காத்துக்கெல்லாமா புடிக்கிறானுங்கோ? நல்லா பேஜாரு புடிச்ச பந்தயமா கீதே!"

9.05க்குச் சாவி வந்தது. கெடு முடியும்போது நான் புதுவாயல் மேம்பாலத்துக்கடியில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். தொழிற்பேட்டை போய்ச் சேர 9.40. ஜெனி தலையில் ஈரத்துண்டோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்கப் பயமாக இருந்தது.

"இருவத்திரண்டு செகண்டு மிச்சம்" என்றாள். பிறகு, "நாளிக்கி நீ ஊட்ல இருந்தா இன்னா?" என்றாள்.

நான் வீட்டில் இருக்கவில்லை. மூன்றாம் நாள் தொழிற்பேட்டைக்குள்ளேயே 15 சுற்று, ஒரு சுற்று 3 கிலோமீட்டர். மொபெட்டைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஜெனி 41வதாக வந்தாள். அவர்கள் மூத்த வீராங்கனைக்கு மொத்தத்தில் இரண்டாம் இடம். மேனேஜர் அடுத்த வருடத்துக்கும் சரி என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு நாள்தான் வர முடியும் என்றால் சுற்று ஓட்டத்துக்கு வாருங்கள், 15 தடவை பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ 20 ரூபாய். ஊர் விட்டு ஊர் போகும் நாளில் திருப்பத்தில் நில்லுங்கள், அங்கேதான் வேகம் குறையும். ரோடு மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மூன்று நாளைக்கு எனக்குப் பெட்ரோல் 480 ரூபாய். ஓட்டுகிற பிள்ளை உங்களுடையதாகவே இருந்தாலும் கை தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர்கூட நீட்டாதீர்கள்.

அடுத்த ஞாயிறு விடியலில் வழக்கம்போல மொபெட்டை அவளுக்கு முன்னால் நிறுத்தினேன். "இனிமே பின்னால வாப்பா" என்றாள். ஆறு வருடமாக அவள் ஓட்டுவதை ஓரக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன், உள்ளங்கை அளவு. அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். ஆரணி வளைவில் பள்ளம் வந்தது. நான் ஹாரனில் விரல் வைப்பதற்குள் தாண்டிப் போய்விட்டாள்.