மதச்சார்பற்ற எலுமிச்சைச் சாறு

என் மகளின் கல்யாணப் பேச்சு ஒரு செம்பு எலுமிச்சைச் சாற்றில் மூழ்கிப்போகப் பார்த்தது. அந்தச் சாற்றைப் பிழிந்தவன், காய்ச்சியவன், வடிகட்டியவன், கடைசியில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்குள் நடந்து வந்தவன் எல்லாம் நானே. வேறு யார்மீதாவது பழியைப் போட முடியுமா என்று இதுவரை யோசித்துப் பார்த்துவிட்டேன். வழியில்லை.

மகளும் அவள் விரும்பிய பையனும் துவாக்குடி இன்ஜினியரிங் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது இருவருக்கும் சென்னையில் வேலை. பையனின் வீடு கைலாசபுரத்தில். அப்பா அங்கே தொழிற்சாலையில் பொறியாளர், அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம்.

இந்த ‘ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம்’ என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எங்களுடையது லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஃபிளாட் விலை அன்றைக்குக் கட்டுபடியானது என்ற ஒரே காரணத்தால் இங்கே குடியேறினோம். ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுக்கிறோம். உறவுக்காரர்கள் ஊரிலிருந்து வந்தால் அவர்களுக்குத் துணையாகக் கோயிலுக்குப் போவேன். பெரும்பாலும் வெளியே செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். ஆனால் முகவரியைச் சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் நம் பக்தியைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

பையனின் அம்மாவும் அப்படி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவர்கள் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வருவதாக இருந்தது ஒரு மே மாத ஞாயிறு. முந்தின நாளே சென்னையிலிருந்து வந்து இறங்கிய மகள் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

“அப்பா, அவங்க அம்மாவுக்கு ஒரே ஒரு பயம்தான். ஸ்ரீரங்கத்து வீடு, போனதும் ஏதாவது சடங்கு பண்ணச் சொல்லுவாங்களோன்னு. அவங்க என்னை மதம் மாறச் சொல்லல. அவங்களையும் யாரும் மாத்தக் கூடாது. அப்படி எதுவும் நடக்காதுன்னு நான் சொல்லி வச்சிருக்கேன். இதுல ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா அவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. அப்புறம் வரவே மாட்டாங்க.”

“நான் எதுக்கும்மா ஏடாகூடம் பண்ணப் போறேன்?”

“சாமி ரூம் கதவைச் சாத்திடுங்க. விபூதி, குங்குமம் எதையும் நீட்டாதீங்க. சாதாரணமா இருங்க. முக்கியமா, படிச்ச புஸ்தகத்தைப் பத்திப் பேசாதீங்க.”

கடைசி நிபந்தனை மட்டும் கொஞ்சம் வலித்தது. மற்றவற்றை முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டதோடு நின்றிருக்கலாம். ஆனால் புத்தகம் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பிரச்சினையையும் கொள்கை அளவில் தீர்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். குடிக்க என்ன கொடுப்பது என்று இரவெல்லாம் யோசித்தேன். கத்திரி வெயிலில் காபி கூடாது. மோர் கொடுத்தால் நீர்மோர்ப் பந்தல் ஞாபகம் வரும். பானகம் நேராகக் கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும். எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத, எந்தப் பண்டிகையிலும் கலந்துகொள்ளாத, ஒரு மதச்சார்பற்ற பானம் வேண்டும்.

போனில் அது கிடைத்தது. எங்கோ ஒரு குளிர்ந்த நாட்டில், கைப்பிடிச் சுவரில் பூனை தூங்கும் ஒரு வீட்டில், ஒரு பெண் லாவெண்டர் பூவையும் தைம் என்ற மூலிகையையும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து எலுமிச்சைச் சாறு கலந்துகொண்டிருந்தாள். பூ, மூலிகை, எலுமிச்சை. இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

லாவெண்டர் எங்கள் ஊரில் தரை துடைக்கும் திரவமாகத்தான் கிடைக்கிறது. மறுநாள் காலை தைம் கேட்டதற்குத் தில்லை நகர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் கூரையிலிருந்து உதிர்ந்தது போல ஏதோ இருந்தது. சரி, மொழிபெயர்ப்போம் என்று முடிவு செய்தேன். நல்ல மொழிபெயர்ப்பாளன் சொல்லுக்குச் சொல் போடமாட்டான், இணையானதைத் தேடுவான். லாவெண்டருக்கு இணை பன்னீர் ரோஜா.

அங்கிருந்து நேராகப் பூக்கடைக்குப் போனேன்.

“மாலைக்கா சார், உதிரியா?” என்றார் கடைக்கார அம்மா.

“குடிக்கிறதுக்கும்மா.”

அவர் பக்கத்துக் கடைக்காரியை ஒரு பார்வை பார்த்தார். “குடிக்கிறதுக்கெல்லாம் தர முடியாது சார். எல்லாம் மருந்தடிச்ச பூவு.”

ஆகவே வீட்டு மாடியில் என் மனைவி தொட்டியில் வளர்க்கும் பன்னீர் ரோஜாச் செடியை மொட்டையடித்தேன். பக்கத்துத் தொட்டியில் துளசி இருந்தது. அதுதான் தைம்.

“இன்னைக்கு சாமிக்கு என்னத்த வைக்கிறதாம்?” என்றாள் மனைவி.

“சாமி ரூமைத்தான் சாத்தியாச்சே.”

“சாத்திட்டா அவருக்குத் தெரியாதா?” என்றவள், மேற்கொண்டு பேசினால் தானும் இதில் பங்காளியாகிவிடுவோம் என்று பயந்தவள் போல, “என்னமோ பண்ணுங்க. நான் காபி டிகாக்‌ஷன் போட்டு வச்சுடுறேன்” என்று நகர்ந்தாள். என்மீது அவளுக்கு இருந்த நம்பிக்கையின் அளவு அந்த டிகாக்‌ஷன்.

பாகு காய்ச்சினேன். எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு இதழ்களையும் துளசியையும் போட்டு மூடிவைத்தேன். வடிகட்டிச் சாறு பிழிந்தபோது அழுக்குப் பழுப்பாக இருந்தது சட்டென்று இளஞ்சிவப்பாக மாறியது. என் வாழ்க்கையில் நான் தொட்டு அழகான பொருட்கள் குறைவு என்பதால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

குளிர்ச்சிக்குப் புதினா நசுக்கிப் போடச் சொன்னாள் போன் பெண். புதினா சட்னியோடு தீர்ந்திருந்தது. குளிர்ச்சிக்கு இணை? பாயசத்துக்கு வைத்திருந்த பச்சைக் கர்ப்பூரம். ஒரு சிட்டிகை போட்டேன், கை கொஞ்சம் தாராளம். கண்ணாடி ஜக்கில் ஊற்றினேன். சூடு தாங்காமல் அது விரிசல் விட்டது. பாதி பாகு என் சட்டையில். அலமாரியில் கைக்கு எட்டியது மாமனார் வீட்டுச் சீதனமான வெள்ளிச் செம்பு. ஐஸ் போட்டு மீதியை அதில் ஊற்றினேன். அதன் கழுத்துக்குள் நுழைந்த ஒரே கரண்டி, வெள்ளி நெய்க் கரண்டி. மேலே நாலு ரோஜா இதழ்களையும் ஒரு கொத்துத் துளசியையும் மிதக்கவிட்டேன். வீடியோவில் அப்படித்தான் இருந்தது.

சட்டை பிசுபிசுக்கவே அவசரமாக மறுபடி ஒரு குளியல் போட்டு, வேட்டியைச் சுற்றும்போது காலிங் பெல் அடித்தது.

காவிரிப் பாலத்து நெரிசலைக் கடந்து வந்த மூன்று பேரும் வியர்த்துப்போயிருந்தார்கள். பையனின் அம்மா கேக் வாங்கி வந்திருந்தார். “முட்டை போடாததுங்க” என்று கொடுக்கும்போது ஒரு முறையும், வைத்த பிறகு ஒரு முறையும் சொன்னார். எங்கள் ஃபிரிட்ஜின் கதவு முழுக்க முட்டை என்பதைச் சொல்ல இது நேரமில்லை என்று மனைவிக்குத் தோன்றியது. வெயிலைப் பற்றிப் பேசினோம். சாத்தியிருந்த சாமி ரூம் கதவை எல்லோரும் பார்க்காமல் பார்த்தோம். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மனைவி டிகாக்‌ஷனைப் பார்க்கச் சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய், தட்டில் செம்பை வைத்து ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

பையனின் அப்பா சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்தேன். வலது உள்ளங்கையைக் குழித்து, இடது கையைக் கீழே தாங்கலாகக் கொடுத்து நீட்டினார். தொழிற்சாலையில் ஆண்டுதோறும் ஆயுதபூஜையில் நின்று பழகிய கை.

டம்ளர்களை நான் சமையலறையிலேயே விட்டுவிட்டிருந்தேன். விருந்தாளி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். முதலில் ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுங்கள் என்று போன் பெண்ணும் சொல்லியிருந்தாள். ஊற்றினேன். அவர் கண்ணை மூடி உறிஞ்சிவிட்டு, மீதியைத் தலையில் தடவிக்கொண்டார். முன்பக்கம் வழுக்கை. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தடவிக்கொள்கிறார் போலும் என்று நினைத்தேன். என்னால் இப்படியும் நினைக்க முடியும் என்பதை என்னைத் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்து அந்த அம்மாவிடம் போனேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டார்.

“எனக்கு வேண்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

“கொஞ்சம்தாங்க. இந்த வீட்டுக்கு முதல் தடவை வர்றவங்க இதை வாங்கிக்காம போகக் கூடாது.”

“இல்லீங்க. எங்களுக்குப் பழக்கமில்ல.”

“பழகிக்கலாங்க. முதல்ல ஒரு மாதிரியாத்தான் இருக்கும். ரெண்டு மூணு தடவை ஆச்சுன்னா நீங்களே கேட்டு வாங்கிக்குவீங்க.”

அவர் எழுந்தார். கைப்பை தோளுக்கு ஏறியது. குரல் உயரவில்லை, வகுப்பில் உயர்த்தத் தேவைப்படாத குரல் அது.

“நாங்க எந்தச் சாமியையும் குறைச்சுப் பேசினது கிடையாதுங்க. இவர் கை நீட்டினாரு, அது அவர் இஷ்டம். ஆனா வந்து உக்காந்த சூடு ஆறல, அதுக்குள்ள பழகிக்கங்கன்னு சொல்றீங்க. நாளைக்கு இவங்களுக்குப் பொறக்கிற பிள்ளைங்களுக்கும் இதைத்தானே குடுப்பீங்க?”

“பிள்ளைங்களுக்குத் தாராளமாக் குடுக்கலாங்க. சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்.”

பையன் தரையைப் பார்த்தான். மகளின் முகத்தில் ரத்தமே இல்லை. சின்ன வயதில் பள்ளி ஆண்டுவிழாவில் நான் மேடையேறிப் பேசியபோது ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

“அப்பா. கையில என்னப்பா அது?”

“லெமனேடும்மா.”

காபித் தட்டோடு வந்த என் மனைவி வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். “ஏங்க, தீர்த்தம் மாதிரியில்ல வாசனை வருது?”

அப்போதுதான் என் கையில் இருந்ததை நானும் பார்த்தேன். வெள்ளிச் செம்பு. துளசி. மிதக்கும் பூ. பச்சைக் கர்ப்பூர வாசனை. சின்ன வெள்ளிக் கரண்டி. பின்னால் ஈரத் தலையும் வெள்ளை வேட்டியுமாக ஓர் ஆள். பெருமாள் சன்னிதியில் அர்ச்சகராக நிற்க எனக்கு ஒரு குறையும் இல்லை. மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் விழுந்திருந்தது. மொத்த வாக்கியம்தான் வேறு எதையோ சொல்லிவிட்டது.

“அப்ப இது ஜூஸுங்களா?” என்றார் பையனின் அப்பா, தலையைத் தொட்டுப் பார்த்து. “நான் தடவிட்டேனே!”

அவர் மனைவி அவ்வளவு எளிதில் நம்பவில்லை. “எலுமிச்சம்பழ ஜூஸுல கர்ப்பூரம் எதுக்குங்க?” என்றார். நான் போனைத் திறந்து வீடியோவைக் காட்டினேன். மாணவன் எழுதிய கணக்கைப் படிப்படியாகச் சரிபார்ப்பது போலப் பார்த்தார்.

“இதுல துளசி இல்லையே?”

“தைம் கிடைக்கலீங்க.”

“ரோஜா?”

“லாவெண்டர் நம்ம ஊர்ல தரை துடைக்கத்தான்...”

“கர்ப்பூரம்?”

“புதினா சட்னி அரைச்சுட்டாங்க.”

“வெள்ளிச் செம்பு?”

“ஜக்கு உடைஞ்சிருச்சு.”

“டம்ளர் கூடவா உடைஞ்சிருச்சு?”

மதத்தைத் தவிர்க்கத்தான் இவ்வளவும் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கூடத்தில் எல்லோரும் அந்த அம்மாவின் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது இன்னும் தோளில்தான் இருந்தது.

அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியின் பக்கம் திரும்பினார். “எப்பவுமே இப்படித்தானா?”

“கல்யாணம் ஆனதுலேருந்துங்க,” என்றாள் மனைவி. இத்தனை வருடத்தில் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போல.

“இவரும்தான்,” என்று அவர் தன் கணவரைக் காட்டினார். “போன கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுறேன்னு போனைப் பாத்துப் போட்டாரு. மூடியை இறுக்கி மூடிட்டாரு. ராத்திரி பூசைக்குக் கிளம்புறோம், டப்புனு வெடிச்சுது. வெள்ளையடிச்ச சுவரெல்லாம் செவப்பு. அப்புறம் ஃபாதர் வீடு மந்திரிச்சு ஆசீர்வாதம் பண்ண வந்தாரு, என்னம்மா வீட்ல சண்டையான்னு கேட்டாரு.”

“இவர் ஒரு தடவை சோப்பு காய்ச்சினாருங்க,” என்று என் மனைவி தொடங்கினாள்.

அந்தக் கைப்பை சோபாவில் இறங்கியது. பெண்கள் இருவரும் காபியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்கள். மகளும் பின்னால் போனாள். சோப்புக் கதை, அதற்கும் முந்தைய தேன்கூட்டுக் கதை, நானே மறந்துவிட்ட மாடித்தோட்டக் கதை எல்லாம் உள்ளேயிருந்து சிரிப்புகளுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தன. என் மானம் அங்கே தவணை முறையில் போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் நானும் பையனின் அப்பாவும் பையனும் செம்பைச் சுற்றி உட்கார்ந்து வெயிலைப் பற்றி மறுபடியும் பேசினோம். யாரும் இரண்டாவது கரண்டி கேட்கவில்லை.

பெண்கள் வெளியே வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாயங்காலம் ஒரு வரவேற்பு, யாரும் யாரையும் மாறச் சொல்வதில்லை. எங்கள் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. விடைபெறும்போது அந்த அம்மா என் மகளின் கன்னத்தைத் தொட்டு, “போயிட்டு வரேன்டா” என்றார். மகளுக்கு ரத்தம் திரும்பியிருந்தது. என்னிடம் மட்டும் அவள் அடுத்த நாள் வரை பேசவில்லை.

அன்று சாயங்காலம் பையனின் அப்பா போன் செய்து பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். முதன்முறையாக என்னைச் சம்பந்தி என்று அழைத்தார். அந்த வார்த்தை கொடுத்த தைரியத்தில், உண்மையைச் சொல்லுங்கள், ஜூஸ் எப்படித்தான் இருந்தது என்று கேட்டுவிட்டேன்.

“தீர்த்தம்னு நெனச்சுக் குடிச்சப்ப ஒண்ணும் தெரியலீங்க சம்பந்தி. ஜூஸுன்னு சொன்னீங்க பாருங்க, அப்புறம்தான் குமட்டுச்சு.”