பிரிக்பீல்ட்ஸ் மேடையில் நான் ஏற்காத பொன்னாடை

வயதான காலத்துக் கோபத்தில்தான் நான் பொன்னாடையைத் தட்டிவிட்டேன் என்று என் மனைவியின் தம்பி இன்றும் சொல்லித் திரிகிறார். அது பொய்.

மலேசியாவின் கிழக்குக் கரையில் ராக்கெட் ஏவுதளம் அமைப்பது குறித்து ஆராய்ந்த குழுவில் நான் பொறியாளனாக இருந்தேன். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பது நமக்குப் பெரும் வாய்ப்பு என்று வாதிட்டவன் நான். ஆனால், எரிந்து கழன்ற அடிப்பாகம் கடலில் எங்கே விழும் என்று தெளியாமல் அடிக்கல் நாட்டக் கூடாது என்றும் சொன்னேன். அந்தக் கடலில் மீன்பிடிப் படகுகள் உண்டு. எண்ணெய் மேடைகளும் உண்டு.

பிறகு தனியார் போட்டி வந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் ஒரே ராக்கெட்டைத் திரும்பத் திரும்பச் செலுத்திக் கட்டணத்தைக் குறைத்தன. அவற்றை முந்தப்போவதாக கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்துக் கிளம்பிய கூட்டத்தில் மைத்துனரும் பங்குதாரர். “அறிமுகக் கூட்டம்தான் அத்தான், சும்மா வந்து உக்காருங்க” என்றார். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்குப் போனேன்.

முதலீடு செய்ய வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கிள்ளானில் எனக்குத் தெரிந்த குடும்பத்தார். “எங்கள் தொழில்நுட்ப ஆலோசகர்” என்று அறிவித்து என்னை மேடைக்கு அழைத்தார்கள். அப்படி ஒரு பதவியை நான் ஏற்றதேயில்லை. புகைப்படக்காரர் தயாராக நிற்க, நிறுவனத்தின் இயக்குநர் பொன்னாடையை விரித்தார்.

கையால் தடுத்தேன். “அடிப்பாகம் எங்க விழும்?”

“அதெல்லாம் டீம் பாத்துக்கும் லா அங்கிள். இப்ப போட்டோ மட்டும்.”

“எங்க விழும்னு கேட்டேன்.”

“கடல் பெருசு அங்கிள்!” என்று கூட்டத்தில் யாரோ கத்த, மண்டபம் சிரித்தது.

மைத்துனர் என் முழங்கையைப் பிடித்தார். “மானத்த வாங்காதீங்க அத்தான். வீட்ல பேசிக்கலாம்.”

“யாரு மானம்? என் பேர நீ இங்க வெச்சுத்தான வித்த? இங்கயே பேசுவோம்.”

ஒலிவாங்கியை வாங்கினேன். “நான் இவர்களுக்கு ஆலோசகன் அல்லன். என்னை நம்பி இங்கே வந்தவர்கள் எழுந்து போகலாம்.”

சிலர் எழுந்தார்கள். பலர் எழவில்லை. நான் படியிறங்கும்போதே அந்தப் பொன்னாடையை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குப் போர்த்தினார்கள். அவர் இரு கை கூப்பி ஏற்றுக்கொண்டார்.

இப்போது மைத்துனர் தம் அக்காவை அழைத்துப் போக வந்தால், காரைத் தெருமுனையிலேயே நிறுத்தி ஹாரன் அடிக்கிறார். என் வாசலுக்கு வருவதில்லை. வரவும் வேண்டாம்.