ஒரு மீட்டர் தள்ளி

என் தங்கை பெற்றது இரண்டு. மூத்தவன் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வேலை பார்க்கிறான். கதிர்வீச்சு மருந்தை உடம்புக்குள் கொடுத்துப் படமெடுக்கிற, நோயைச் சுட்டெரிக்கிற பிரிவு அது. "மருந்து எழுதுறது டாக்டர், குடுக்கிறது நர்ஸ், நீ என்னடா பண்றே?" என்று ஒருமுறை கேட்டேன். "அளக்கறேன் பெரியம்மா" என்றான். அன்றிலிருந்து உறவுக்குள் அவன் பெயரே அளவுக்காரன்தான்.

காலையில் மற்றவர்கள் வருமுன் போய், படமெடுக்கும் மெஷினைச் சோதிப்பான். ஒவ்வொருவருக்கும் போகிற மருந்தை அளப்பான். தரையைத் துடைத்த பஞ்சைக்கூட விடமாட்டான். நோயாளிகளுக்கு அவன் முகமே தெரியாது. வயது நாற்பத்திரண்டாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. "பொண்ணு பார்க்கப் போனாலும் ஒரு மீட்டர் தள்ளித்தான் உட்காருவான்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவனும் சிரிப்பான், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

இளையவளுக்குத் தைராய்டில் புற்றுக்கட்டி. அறுத்தெடுத்த பிறகு, மிச்சத்தை எரிக்க அண்ணனின் பிரிவுக்கே வந்தாள். அயோடின் மருந்தை விழுங்கியவர்கள், உடம்பில் கதிர் இறங்கும்வரை தனி அறையில் இருக்க வேண்டும். வீட்டில் அவளுக்குப் பத்து மாதப் பிள்ளை. "மூணு நாள்தான்டா செல்லம்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் நானும் அவளைக் கட்டிய மாப்பிள்ளையும் வராந்தாவின் கோடியில் நின்றோம். அளவுக்காரன் கதவைத் திறந்து, அவளுக்கு ஒரு மீட்டர் தள்ளித் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையில் நின்றபடி, கதிரை அளக்கும் மீட்டரை நீட்டினான்.

"இன்னும் இறங்கல. வரம்புக்கு மேலதான் இருக்கு. இன்னிக்கு அனுப்ப முடியாது."

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "கூடப் பொறந்தவளுக்குக்கூடக் கொஞ்சம் தளர்த்த மாட்டீங்களா மச்சான்?"

"மீட்டருக்கு அது தெரியாதே மாப்பிள்ளை."

உள்ளே அவள் அழுதாள். இவன் கதவை மூடாமல், நேற்று எழுதிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாளில் இவ்வளவு கொஞ்சமாகக் குறையாதாம். பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லி மறுபடி அளந்தான். கழுத்துக்கு நேரே குறைந்த முள், இடுப்புக்கு நேரே எகிறியது.

"இடுப்புல என்னடீ வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லண்ணா."

"பொய் சொல்லாதே."

இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தாள். பிள்ளையுடையது. அந்த அறைக்குள் போகும் துணி திரும்பி வராது என்று முதல் நாளே அவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கேட்கவில்லை. வாசனைக்கென்று ஒளித்துக்கொண்டு போய், மூன்று நாளும் முகத்தில் வைத்துத் தூங்கியிருக்கிறாள். கண்ணீரும் எச்சிலும் ஊறி, உடம்பிலிருந்து கசிந்த மருந்தெல்லாம் அதில் ஏறிக்கிடந்தது.

சட்டையைத் தூரப் போட்டதும் முள் வரம்புக்குக் கீழே வந்துவிட்டது.

"எண்பது நாள் ஈயப் பெட்டியில கிடக்கணும். அப்புறம் தர்றேன்."

"அதுக்குள்ள அவனுக்குப் பத்தாது."

பிறகுதான் அண்ணன் மற்றதைச் சொன்னான். வீட்டுக்குப் போகலாம், ஆனால் பத்து நாள் பிள்ளையைத் தூக்கக் கூடாது, பக்கத்தில் படுக்கக் கூடாது.

"அவன் கையை நீட்டிட்டு வருவான். நான் எப்படிண்ணா தள்ளி நிப்பேன்?" என்று கேட்டாள். அண்ணன் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "உன் வீட்டுக்கு வந்துடறேன். அங்கதான் யாரும் வரமாட்டாங்களே."

குத்திக்காட்டத்தான் சொன்னாளோ, வெகுளியாகச் சொன்னாளோ, தெரியாது. அவன் தலையாட்டினான்.

பத்து நாள் இருந்தாள். உள்ளறையில் அவள், கூடத்தில் இவன். திறந்த கதவு வழியாகவே பேச்சு நடந்தது. சிறுவயதில் மாடிப்படியில் இவன் அவளைத் தள்ளிவிட்டதுகூட வெளியே வந்ததாம். வருஷக்கணக்கில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனோடு பேச ஆள் இருந்ததில்லை.

கடைசி நாள் நான் போனேன். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றவளைக் குறை சொல்ல முடியுமா?

அவன் படுக்கை விரிப்பை உருவி, தரை, குழாயடி, தலையணை என்று மீட்டரை நகர்த்தினான்.

"எல்லாம் சுத்தம் பெரியம்மா. ஒண்ணும் மிச்சமில்ல."

கிளம்ப எடுத்த பையைக் கீழே வைத்தேன். "அரிசி எங்கடா வச்சிருக்கே?" என்று கேட்டேன்.