ஆன்ட்டி சொன்ன வெள்ளைக் குதிரை

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாகப் பேனாவை எடுத்து எடுத்து மூடி வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு நல்ல மனுஷியைப் பொய்க்காரி ஆக்கிவிடுவேனோ என்ற பயம்தான். போன வாரம் என் மகன் டிவியில் எதையோ தேடும்போது ஒரு பழைய கௌபாய் தொடர் கண்ணில் பட்டு மறைந்தது. அதே வெள்ளைக் குதிரை. அன்று விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்காவில், டெக்சாஸ் பக்கம் கேட்டி என்ற ஊருக்கு வந்த புதிதில் எனக்கு இந்திய மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்குகிற வேலை. பத்தாவதோடு நின்றவனுக்கு அதுவே முருகன் கொடுத்தது. கார் கிடையாது. பக்கத்து அபார்ட்மென்ட் சேது அங்கிள்தான் கொண்டுபோய் விடுவார். கார் முழுக்க விபூதி வாசனை. அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, வைத்த விபூதிப் பொட்டலத்தை, ஆன்ட்டி காலமான பிறகும் அங்கிள் எடுக்கவில்லை.

அங்கிள் அந்தக் காலத்தில் நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவர். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. அவர் பார்க்காமல் விட்ட கௌபாய் கதைகளை ஆன்ட்டி பார்த்து வைத்துச் சொல்வாராம். அதில் ஒன்று அங்கிளுக்கு உயிர். குண்டடி பட்டுத் தாடையைத் துணியால் கட்டிய ஷெரீஃப், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு டாக்டரைக் கூட்டிவரத் தன் வெள்ளைக் குதிரையைக் கொடுத்தனுப்புகிறார். டாக்டர் வந்துவிடுகிறார், குதிரை ஆற்றோடு போய்விடுகிறது. ஊரே அழுது ஓய்ந்த பிறகு, சொட்டச் சொட்ட நனைந்து அது வாசலில் வந்து நிற்கிறது.

"அது வந்து நிக்கிறத ஒரே ஒரு தடவ பாக்கணும் தம்பி. சொல்லும்போதே அழுதுடுவா."

ஒரு நாள், அடுத்த வார மறுஒளிபரப்புக்கான முன்னோட்டத்தில் தாடை கட்டிய ஷெரீஃப் வந்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சரியாக ராகுகாலம்! விடுவேனா? எட்டு ஐம்பதுக்கே அங்கிள் வீட்டு டிவியைப் போட்டு, உள்ளே ஏற்றினால் புகை அலாரம் அலறும் என்று பால்கனியில் சூடம் காட்டிவிட்டு வந்தேன்.

"முன்னாடியே ஆரம்பிச்சாச்சு அங்கிள், தோஷம் இல்ல."

"நல்லா ஆரம்பிச்ச போ. வாணலி விளம்பரம் ஓடுது."

ஷெரீஃபுக்குப் பல்வலி. அவ்வளவுதான் கதை. முடிவெட்டுகிறவர்தான் அந்த ஊரில் பல்லும் பிடுங்குவார் போல. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம், பிடுங்கலாமா வேண்டாமா என்று ஒரே பேச்சு. குதிரை வெளியே கட்டிக் கிடந்தது, நமக்கு வாலைக் காட்டிக்கொண்டு. குழந்தையும் இல்லை, ஆறும் இல்லை.

என்னால் அங்கிள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இது வேற எபிசோடா இருக்கும் அங்கிள்" என்றேன்.

"இதேதான். அந்த நாற்காலியக்கூட சொல்லியிருக்கா." ரிமோட்டைக் கையில் எடுத்தார். "அப்போ அவளுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாதுப்பா. படத்த மட்டும் பாத்துக்கிட்டு, ரெண்டு வாரம் தனியா..."

டிவியை அணைத்தார்.

"தண்ணிக்குள்ள போனது நான்ல தம்பி."

அங்கிளும் போய்விட்டார். அந்த அபார்ட்மென்ட் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். ஒரு கதைக்காக அடுத்த சனிக்கிழமை வரை யாரும் காத்திருப்பதில்லை. பட்டனைத் தட்டினால் எல்லாம் வந்துவிடுகிறது. தேடிப் பாருங்கள், அந்தப் பல்வலியும் அங்கேதான் இருக்கும்.

இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பல்வலியையும் சொல்லுங்கள். குதிரை நனைந்து வந்து வாசலில் நின்றதையும் விட்டுவிடாதீர்கள்.