சித்தியின் மங்கும் நட்சத்திரம்

எங்கள் சித்தி பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானியலும் சொல்லிக்கொடுப்பவள். தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு கோடையிலும் அவள் வேலை செத்துப்போகும். துறைத்தலைவர் மனசு வைத்தால் மறுபடி எழும். மாடிப்படிக்கு அடியில் அவளுக்கொரு அறை. எழுந்து நின்றால் தலை இடிக்கும் என்பதால் யார் வந்தாலும் உட்கார்ந்தே வரவேற்பாள். திமிர் என்பார்கள்.

அந்த அறையில் அவள் பல வருடமாகத் தொலைநோக்கிப் படங்களை வைத்து ஒரே ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தாள். அது அவ்வப்போது மங்கியது. ஏன் மங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நிரந்தர வேலைக்கு அதைத்தான் நம்பியிருந்தாள்.

"அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடு சித்தி" என்பேன்.

"முதல்ல நீ பத்தாவது பாஸ் பண்ணு, நாயே."

ஒரு நட்சத்திரம் மங்குகிறதா என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதாம். மேகம், தூசி, எது வேண்டுமானாலும் ஏமாற்றும். பக்கத்தில் மாறாத ஒன்றை வைத்து ஒப்பிட வேண்டும். சித்தியும் ஒன்றை வைத்திருந்தாள். பரம சாது. அதன்மேல் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு முந்தைய நாள், மாணவர்களின் பயிற்சிக்காக அதே படங்களில் மூன்றாவதாக ஒரு நட்சத்திரத்தையும் சேர்த்து அளந்தாள். அதோடு ஒப்பிட்டால் அவளுடைய நட்சத்திரத்தின் வெளிச்சம் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. சாதுதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது பிரகாசமானபோதெல்லாம் தன்னுடையது மங்கியதாக இவள் எழுதியிருக்கிறாள். சரி, அந்தச் சாதுவையாவது ஆராயலாமே என்றேன். அந்த மாதிரி வானத்தில் கொட்டிக் கிடக்கிறதாம்.

நேர்காணலில் முதல் கேள்வி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அம்மா தட்டை ணங்கென்று வைத்தாள். "ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா என்னடி? ஆர்டரை வாங்கிட்டு அப்புறம் சொல்லக் கூடாதா?"

"தெரிஞ்சுபோச்சேக்கா."

"உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆமா. அதான்."

நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. இந்தக் கோடையில் செத்த தற்காலிக வேலையும் எழவில்லை.

அறையைக் காலி செய்ய நானும் போனேன். ஒரு பெட்டிதான் தேறியது. துறைத்தலைவர் சாவி வாங்க வந்து வாசலில் நின்றார். சித்தி என்ன நினைத்தாளோ, சட்டென்று எழுந்துவிட்டாள். மடேரென்று இடித்தது. வேறு யாராவது என்றால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

சாவியை நீட்டினாள். கன்னமெல்லாம் தண்ணீர். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"தலையில இடிச்சுக்கிட்டாங்க சார். அதான்" என்றேன்.